குப்பாண்டி தானம் வாங்கிய உடைப்பு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த நாட்டு அதிகாரிகள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், எனக்கு வயதும் போதாது, பல்லும் போதாது. பெயரைச் சொல்கிறேன், கேயூரவர்மர். நல்ல மனுஷர். கொடை உண்டு, வாய்விட்டுச் சிரிக்கிற சுபாவம் உண்டு, சாப்பாட்டு ருசி கொஞ்சம் அதிகமாகவே உண்டு. ஆனால் ஒரே ஒரு கிறுக்கு. யாராவது வந்து ஒரு குறை சொன்னால் போதும், அந்தக் குறைக்கென்று ஒரு துறையை உண்டாக்கிவிடுவார்.

ஏரி தூர்ந்துபோச்சு என்றார்கள். உண்டானது ஏரித்துறை. வண்டிப் பாதை குண்டும் குழியும் என்றார்கள். வழித்துறை வந்தது. மதகுக் கல் பெயர்ந்ததற்குக் கல்துறை, மரம் களவு போனதற்கு வனத்துறை, நெல்லை எலி தின்றதற்குக் களஞ்சியத்துறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு பல்லக்கு, ஒரு முத்திரை, அந்த முத்திரையைத் தட்டில் வைத்துத் தூக்கிவர ஓர் ஆள்.

இதோடு விட்டாரா? துறைகளுக்குள் சண்டை வரக் கூடாதே என்று ஒரு செப்பேடும் வெட்டிவைத்தார். ஒரு துறையின் வேலையை இன்னொரு துறை தொடக் கூடாது. அவரவர் எல்லை எது என்று அவரவரே சொல்லிக்கொள்ள வேண்டும். அதில் அரசனே ஆனாலும் உத்தரவு போடக் கூடாது. இப்படி ஒரு செப்பேடு வேறு எந்த தேசத்திலும் கிடையாது என்று ராஜாவுக்கு ரொம்பப் பெருமை. வேறு எந்த தேசத்தான் வெட்டுவான், சொல்லுங்கள்!

அந்த அரண்மனையில் விகடம் சொல்லிப் பிழைத்தவன் குப்பாண்டி. ராஜா சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் அவன் இருக்க வேண்டும். அவன் வாயைத் திறந்தால் ராஜாவுக்குப் புரை ஏறும். அதைப் பார்த்து வயிறெரிந்தவர் ஓலைநாயகம் சந்திரசூடர். அரசாங்கத்து ஓலை அத்தனையும் அவர் கையால் எழுதப்பட்டுத்தான் வெளியே போகும். செப்பேட்டை எழுதியவரும் அவரே. ஆனால் அவர் வாயைத் திறந்தால் ராஜாவுக்குக் கொட்டாவிதான் வந்தது.

ஒரு புரட்டாசி மாதத்துக் காலையில், கால் முழுக்கப் புழுதியோடு ஒரு பெண்பிள்ளை சபைக்குள் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். தலையில் சும்மாடு, கண்ணில் கோபம்.

"சாமி, நான் கொன்றைமேட்டு மடைக்காரி பூவாயி. ஏரி மடையைத் திறந்து மூடுறது எங்க குடும்பந்தான். போன மழையில எங்க ஏரிக்கரை உடைஞ்சு போச்சு. இருந்த தண்ணி மொத்தமும் ஓடிப் போச்சு. பதினோரு மாசமா அஞ்சு துறைக் கச்சேரிக்கும் நடந்து என் கால்ல தோலே இல்ல. ஐப்பசி மழை வரப்போகுது. அதுக்குள்ள அடைக்கலேன்னா இந்த வருசமும் பயிர் கிடையாது. பன்னெண்டு ஊரும் மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பறதுன்னு கூடிப் பேசியாச்சு. நான்தான், கடைசியா ஒருதரம் ராசாவையே கேட்டுப் பாத்துடறேன்னு வந்தேன்."

ராஜா பதறிப்போனார். ஐந்து தலைவர்களையும் அழைத்தார்.

ஏரித்துறைத் தலைவர் சொன்னார்: "அரசே, கரை எங்களுடையது. கரை இல்லாத இடம் எங்களுடையது ஆகாது. அங்கே இப்போது கரை இல்லை."

"சரிதானே!" என்றார் ராஜா.

"கரைமேல் பாதை இருந்தவரை நாங்கள் குறைவைத்ததில்லை. பாதை வெள்ளத்தோடு போய்விட்டது. போன பாதையை நாங்கள் எங்கே போய்த் தேடுவது?" என்றார் வழித்துறை.

"உடைப்பில் ஒரு மருதமரம் விழுந்து கிடக்கிறது. நிற்பது மரம், அது எங்களுடையது. கிடப்பது விறகு" என்றார் வனத்துறை.

"கீழே மண் இருந்தால் மேலே கல் வைப்போம். காற்றில் எப்படிக் கல் வைப்பது?" என்றார் கல்துறை.

களஞ்சியத்துறைத் தலைவர் தொண்டையைச் செருமினார். "வேலை செய்கிறவர்களுக்குச் சோறு போட நாங்கள் தயார். ஆனால் இது எந்தத் துறையின் வேலை என்று முத்திரை வேண்டும். முத்திரை இல்லாமல் ஒரு மணி நெல் வெளியே போகாது."

ஒவ்வொருவருக்கும் ராஜா "சரிதானே, சரிதானே" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"அஞ்சு பேர் சொல்றதும் சரிதான் சாமி. எங்க வயிறுதான் தப்பு" என்றாள் பூவாயி.

ராஜாவின் முகம் சிவந்துபோயிற்று. சந்திரசூடர் குனிந்து அவர் காதோரம், "அரசே, உடைப்புத்துறை என்று ஆறாவதாக ஒன்று…" என்றார். ராஜாவின் கண் உடனே மின்னியது!

குப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. "அரசே, அந்தத் தலைவருக்குப் பல்லக்கு செய்து முடிப்பதற்குள் ஐப்பசி போய்க் கார்த்திகை வந்துவிடும்" என்றான்.

ராஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது. "அப்படியானால் நீயே செய்து காட்டு. எட்டு நாள் தருகிறேன். இந்த ஐந்து துறையும் சேர்ந்து அந்த உடைப்பை அடைக்க வேண்டும். நான் உத்தரவு போட மாட்டேன். செப்பேட்டில் ஓர் எழுத்தையும் மீறக் கூடாது."

"முடியாவிட்டால் குப்பாண்டி அரண்மனைப் பக்கம் தலைவைக்கக் கூடாது. அதையும் சேர்த்துக்கொள்ளலாமே, அரசே" என்றார் சந்திரசூடர், வெண்ணெயாகக் குழைந்து.

"அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார் ராஜா.

குப்பாண்டிக்கு உள்ளே பகீரென்றது. அவன் போனால் போகிறான், நாலு வீட்டில் கதை சொல்லியாவது பிழைத்துக்கொள்வான். பன்னிரண்டு ஊர் ஜனம் பிள்ளை குட்டியோடு எங்கே போகும்?

அன்று மாலையே ஒரு வெற்றோலையோடு ஐந்து கச்சேரிக்கும் நடந்தான். ஒவ்வொரு தலைவரிடமும் பவ்வியமாகக் கைகட்டி நின்று, "ஐயா, அந்த உடைப்பு உங்களுடையது அல்ல என்று ஒரு வரி எழுதி முத்திரை வைத்துத் தாருங்கள். நாளைக்கு யாரும் உங்களைக் குற்றம் சொல்லக் கூடாது பாருங்கள்" என்றான். அடேயப்பா! பதினோரு மாதம் அசையாத முத்திரைகள் ஐந்தும் அரை நாழிகையில் விழுந்தன. அரசாங்கத்தில் 'என்னுடையது அல்ல' என்று எழுதச் சொன்னால் எழுத்தாணிக்குக் கால் முளைத்துவிடும்.

மறுநாள் சபையில் அந்த ஓலையை ராஜா முன் வைத்தான்.

"அரசே, ஆடி மாதம் தங்களுக்கு விக்கல் நிற்காமல் போனபோது அடியேன் சிரிக்கவைத்து நிறுத்தினேன். நிலம் தானம் தருகிறேன், எந்த இடம் வேண்டுமோ கேள் என்றீர்கள்."

"சொன்னேன். மறக்கவில்லை."

"கொன்றைமேட்டு உடைப்பு எனக்கு வேண்டும். ஐந்து துறையும் தங்களுடையது அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டன. நாதியற்ற சொத்து."

சபை கொல்லென்று சிரித்தது. ஆஸ்தான வித்துவான்கள்கூடச் சால்வை நழுவச் சிரித்தார்கள். ஓரத்தில் நின்றிருந்த பூவாயிக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

"என்னய்யா இது? எங்க தலையெழுத்தை வெச்சு நீயும் வெளையாடறியா?" என்று சபையென்றும் பாராமல் கத்திவிட்டாள்.

"தாயி, எட்டு நாள் பொறு. அதுக்கப்புறம் செருப்பாலயே அடி" என்றான் குப்பாண்டி மெதுவாக.

சந்திரசூடருக்கு வாயெல்லாம் பல். ஓட்டையைத் தானம் வாங்கிய பைத்தியக்காரன் என்று ஊருக்கு ஊர் சிரிக்கப் போகிறார்களே, அதைக் குறைவில்லாமல் செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. "அரசே, அரச தானம் அல்லவா? முறைப்படி பிடி சூழ்ந்துதான் கொடுக்க வேண்டும்" என்றார்.

பிடி சூழ்வது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிடி என்றால் பெண்யானை. ராஜா நிலம் தானம் கொடுத்தால், அரண்மனைப் பிடி அந்த நிலத்தின் எல்லையைக் காலால் நடந்து சுற்றிவர வேண்டும். துறைத் தலைவர்கள் அத்தனை பேரும் பல்லக்கை விட்டு இறங்கிப் பின்னால் நடக்க வேண்டும். யானையின் வழியில் தடை ஏதும் இல்லாமல் அவரவர் பங்குக்கு அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே பிடி வந்து சேரும்வரை கொடுக்கிற ராஜாவும் கூடப் போகிற அதிகாரிகளும் சோற்றில் கை வைக்கக் கூடாது. இளநீர், பழம், அவ்வளவுதான். பாதியில் விட்டால் ராஜ்யத்துக்கு ஆகாது.

சந்திரசூடர் எழுத்தாணியை எடுத்தார். குப்பாண்டி அருகே போய் நின்றான்.

"ஐயா, ஒரு சிறு விண்ணப்பம். பள்ளத்தின் அடியில் இருக்கும் மண் ஏரித்துறையுடையது. அது எனக்கு வேண்டாம், வம்பு. மேலே, கரை மட்டத்தில் இருக்கும் வெற்றிடம் மட்டும் எனக்குப் போதும்."

"அதற்கென்ன, காற்றையே எழுதித் தருகிறேன்!" என்று சந்திரசூடர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எழுதினார். வடகரை முனை முதல் தென்கரை முனை வரை ஆறு கோல் நீளம். கரை மட்டத்திலேயே ஏரிப்பக்கம் ஓர் எல்லை, வயல்பக்கம் ஓர் எல்லை. மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் உட்பட. ஒரு புள்ளி பிசகாமல் எழுதி முடித்து, ராஜமுத்திரையையும் பதித்தார்.

ஐந்தாம் நாள் அதிகாலையில் எல்லோரும் கொன்றைமேட்டில் இறங்கினார்கள். ராஜா, சந்திரசூடர், ஐந்து தலைவர்கள், அவர்களுடைய துறை ஆட்கள் பரிவாரமாக நூற்றுக்கணக்கில். முன்னால் அரண்மனைப் பிடி கோமளம். நெற்றிப்பட்டம் கட்டி, சங்கு ஊதி, வடகரை முனையில் அவளை நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஊர் ஜனமும் கூடி நின்றது. கீழே உடைப்பு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது, இரண்டு ஆள் ஆழம்.

"நட, தாயே" என்றான் பாகன். கோமளம் நாலு அடி வைத்தாள். விளிம்புக்கு வந்தாள். கீழே பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"பள்ளத்தில் இறக்கிச் சுற்றிக்கொண்டு போ" என்றார் சந்திரசூடர்.

"அது எப்படி, ஐயா?" குப்பாண்டி ஓலையைப் பிரித்தான். "எல்லை கரை மட்டத்திலேயே என்று எழுதியிருக்கிறது. அடியில் இருப்பது ஏரித்துறையின் இடம். அடுத்தவர் இடத்தில் என் எல்லையை நடத்தலாமா? செப்பேடு என்ன ஆவது?"

"அப்படியானால் ஓலையைத் திருத்தி எழுதுகிறேன்."

ராஜா திரும்பினார். "பிடி முதல் அடி வைத்த பிறகு தான ஓலையைத் திருத்தலாமா, சந்திரசூடரே? முறை என்ன?"

"கூ… கூடாது அரசே."

"பிடியைத் திருப்பிக்கொண்டு போகலாமா?"

"அதுவும் கூடாது."

"அது போய்ச் சேரும்வரை எனக்குச் சாப்பாடு?"

பதிலைச் சந்திரசூடரின் வயிறு சொல்லிற்று, எல்லோர் காதிலும் விழுந்தது.

ராஜா உத்தரவு ஒன்றும் போடவில்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ஓர் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து தலைவர்களையும் வரிசையாகப் பார்த்தார். ஐந்து பேருக்கும் வேர்த்தது.

முதலில் வாய் திறந்தவர் வழித்துறை. "யானை நடக்கும் தடம் எங்கள் பங்குதான். தடம் போட்டுவிடலாம். மண்தான் வேண்டும்."

குப்பாண்டி ஏரித்துறைத் தலைவரிடம் போனான். "ஐயா, ஏரியில் தூர் எடுப்பது யார் வேலை?"

"எங்கள் வேலை. அதில் என்ன சந்தேகம்?"

"எடுத்த தூரை எங்கே கொட்ட வேண்டும் என்று செப்பேட்டில் இருக்கிறதா?"

தலைவர் யோசித்தார். "இல்லையே!" என்றார். சொன்னவர் முகத்தில் பதினோரு மாதத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது.

வனத்துறைக்கு யாரும் எதுவும் சொல்லவே இல்லை. பிடியின் வழியில் மருதமரம் குறுக்கே கிடக்கிறதே, அப்புறம் என்ன பேச்சு! தாங்களாகவே அறுத்து, கழிகளாகச் சீவி, உடைப்பின் இரு விளிம்பிலும் முளையடித்துவிட்டார்கள். மண் விழ விழக் கல்துறைத் தலைவர் ஒதுங்கி ஒதுங்கி நின்றார். குப்பாண்டி அவர் தோளைத் தொட்டு, "கீழே மண் வந்துவிட்டது, ஐயா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அவரும் வேட்டியை வரிந்து கட்டினார். களஞ்சியத்துறைத் தலைவர் கேட்டது ஒரு முத்திரை. இப்போது நாலு துறை வேலை செய்கிறது, நாலு முத்திரை வந்து விழுந்தது. மூட்டை மூட்டையாக நெல் அவிழ்ந்தது. ஊர்ப் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள்.

ஜனங்கள் சும்மா நிற்பார்களா? கூடையும் மண்வெட்டியுமாக இறங்கிவிட்டார்கள். பூவாயி உடைப்பின் நடுவில் நின்றுகொண்டு தலைவர்களையே விரட்டினாள்.

"ஏ பெரியவரே, மணலைக் கொட்டாதீரு! களிமண்ணு, களிமண்ணு! ஒரு சாண் போட்டுத் தண்ணி தெளிச்சு மிதிக்கணும். அப்புறந்தான் அடுத்த சாண்."

பெரியவர் என்பது ஏரித்துறைத் தலைவர். மனுஷர் மறுபேச்சு பேசாமல் மிதித்தார். உள்ளபடி அவருக்கு மண் வேலை பிடித்துத்தான் அந்தத் துறைக்கே வந்தார் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே ஞாபகம் வந்தது.

இதற்கு நடுவே மரத்தடியில் ராஜாவின் பாடு பரிதாபம். வேலைக்காரர்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு கொதிக்கிறது. காற்று நேராக மரத்தடிக்கு வீசுகிறது. ராஜா ஒரு வாழைப்பழத்தை உரித்து, அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். சந்திரசூடருக்குப் பழமும் இறங்கவில்லை.

ஏழாம் நாள் மாலை கரை மேலே வந்துவிட்டது. "உறுதியாக இருக்கிறது. எங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை" என்று ஐந்து தலைவர்களும் ஒரே வாயாகச் சொன்னார்கள். ஐந்து பேரும் ஒரே வாயாகச் சொன்னது அதுவே முதல் தடவை! கோமளத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் முன்னங்காலைப் புது மண்ணில் வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். காலை எடுத்துக்கொண்டாள்.

"ஏன், ஏன்?" என்று அலறினார் வழித்துறை.

"உங்கள் கண்ணுக்கு எடை கிடையாது, ஐயா. அவளுக்கு இருக்கிறது. மண் இன்னும் இளக்கம் என்கிறாள்" என்றான் குப்பாண்டி.

யானையிடம் யார் வாதாடுவது? முத்திரையைக் காட்டினால் நடக்குமா, சிபாரிசு ஓலை கொடுத்தால் நடக்குமா? எட்டாம் நாள் முழுக்க மறுபடி மிதித்தார்கள், இடித்தார்கள், ஏரிப்பக்கம் கல் பாவினார்கள். பசி வேகத்தில் சந்திரசூடரே ஓர் இடிகட்டையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பொழுது சாய இன்னும் ஒரு நாழிகை. கோமளம் மறுபடி விளிம்புக்கு வந்தாள். காலை வைத்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த காலையும் வைத்தாள். ஏரிப்பக்கமாகத் தென்கரை வரை போனாள். திரும்பி, வயல்பக்கமாக வந்தாள். புறப்பட்ட இடத்தில் நின்று, தும்பிக்கையைத் தூக்கி ஒரு பிளிறு பிளிறினாள் பாருங்கள், பன்னிரண்டு ஊரும் சேர்ந்து குலவை போட்டது. பூவாயி புதுக்கரைமேல் உட்கார்ந்து, மண்ணை இரண்டு கையாலும் தடவிக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள்.

சந்திரசூடர் மட்டும் இடிகட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அரசே! இவன் தானம் வாங்கியது உடைப்பை. உடைப்பு எங்கே? காணோம்! இவனுக்குத் தானமும் இல்லை, ஒன்றும் இல்லை!"

"உண்மைதான் அரசே. வாங்கிய சொத்தை வாங்கின அன்றைக்கே தொலைத்துவிட்டேன்" என்று குப்பாண்டி கையை விரித்தான்.

ராஜா கரையைப் பார்த்தார். மண் அப்பிய ஐந்து தலைவர்களையும் பார்த்தார். யார் எந்தத் துறை என்று அடையாளமே தெரியவில்லை. சிரிக்க ஆரம்பித்தார். நாலு நாள் பட்டினி வயிறு குலுங்கக் குலுங்க, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சந்திரசூடரே, எழுதும். குப்பாண்டிக்கு ஈடாக வேறு தானம் தருகிறேன். இன்று முதல் என் ராஜ்யத்தில் எந்த இடத்தை ஐந்து துறையும் தங்களுடையது அல்ல என்று சொல்கிறதோ, அந்த இடம் குப்பாண்டிக்குச் சொந்தம். ஒவ்வொன்றுக்கும் முறைப்படி பிடி சூழ வேண்டும். தலைவர்கள் எல்லோரும் பின்னால் நடக்க வேண்டும். ஓலைநாயகமும்தான்."

ஐந்து தலைவர்களின் முகத்திலும் ரத்தம் வற்றிப்போயிற்று. ராஜா அதற்குள் இலை போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கத்தரிக்காய்க் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து ஆறாம் நாள் மழை பிடித்தது. நாலு இரவு, நாலு பகல். ஏரி தளும்பத் தளும்ப நிறைந்தது, கரை அசையவில்லை. பூவாயி மடையைத் திறந்தாள். பன்னிரண்டு ஊரிலும் நாற்று விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ராஜ்யத்தின் எந்த மூலையில் ஒரு கல் பெயர்ந்தாலும் ஐந்து துறைக்காரர்களும் தலைதெறிக்க ஓடிவந்தார்கள். "அது எங்களுடையது!" "இல்லை, எங்களுடையது!" "மூன்று பேருக்கும் பொதுவென்று வைத்துக்கொள்ளுங்கள், முதலில் கூடையை எடுங்கள்!" மனு ஓலையை எழுதி முடிப்பதற்குள் வேலை முடிந்துபோயிற்று. மேற்குச் சீமையில் ஒரு பாலத்துக்காக இரண்டு துறைகள், செய்தது நாங்கள்தான் என்று ராஜாவிடமே பஞ்சாயத்துக்கு வந்தன!

ஒரு வருஷம் கழித்து ராஜா சாப்பிடும்போது கேட்டார்: "குப்பாண்டி, நான் கொடுத்த தானத்தில் இதுவரை உனக்கு எவ்வளவு நிலம் சேர்ந்தது?"

"ஒரு சாண் கூட இல்லை அரசே. தங்கள் ராஜ்யத்தில் அடியேனைப் போல் ஏழை கிடையாது."

ராஜாவுக்குப் புரை ஏறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, குழம்புக் கையோடு, குப்பாண்டியின் கழுத்தில் போட்டார்.